மரபிசை மற்றும் நடன மையம் (நியூயார்க்)

மரபிசை மற்றும் நடன மையம் (சென்டர் ஃபார் டிரெடிஷனல் மியூசிக் அண்ட் டான்ஸ்) என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இயங்கும் இலாப நோக்கற்ற பண்பாட்டு அமைப்பு ஆகும். நியூயார்க்கில் குடியேறிய பல்வேறு மக்களின் மரபுவழி இசை, நடனம், வாய்மொழிக் கலைகள் ஆகியவற்றை ஆய்வு செய்தல், பதிவு செய்தல், மேடையேற்றுதல், அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல் ஆகியவை இதன் பணிகள். இது 1968 ஆம் ஆண்டில் பால்கன் கலை மையம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. நாட்டார் நடன ஆய்வாளரான மார்ட்டின் கோனிக், பாடகியும் இசை ஆசிரியருமான எத்தல் ரெய்ம் ஆகிய இருவரும் இதன் நிறுவனர்களாகக் குறிப்பிடப்படுகின்றனர்.

உலக இசையை மேடையேற்றும் அமைப்புகள் பல, வெளிநாடுகளிலிருந்து கலைஞர்களை வரவழைத்துப் பொது மக்களுக்கு அறிமுகம் செய்கின்றன. இம்மையத்தின் வழி அதனின்று வேறுபட்டது. தம் நகரிலேயே, தொழிற்கூடங்களிலும் கடைகளிலும் வேலை செய்துகொண்டு, தம் இனத்தவரின் திருமணங்களிலும் சடங்குகளிலும் பாடி ஆடி வரும் கலைஞர்களை இது தேடிக் கண்டறிகிறது. அக்கலைஞரின் சொந்தச் சமூகமே முதன்மையான அவை என்பது இதன் அடிப்படைக் கொள்கை. ஒரு கலை அதற்குரிய மக்களின் வாழ்வில் இடம் இழந்துவிட்டால், வேறு மேடைகளில் எவ்வளவு பாராட்டுப் பெற்றாலும் அது நிலைப்பது அரிது என்ற புரிதலிலிருந்து இக்கொள்கை பிறந்தது.

பெயர்

தொடக்கத்தில் பால்கன் தீபகற்பத்தின் இசையும் நடனமுமே மையத்தின் முதன்மைப் பொருளாக இருந்தன. ஆகவே பால்கன் கலை மையம் என்ற பெயர் இடப்பட்டது. 1970களில் யூதர், ஐரியர் முதலிய பிற மக்களின் கலைகளும் இதன் பணிக்குள் வந்தன. அதனால் 1981 இல் இனக்குழு நாட்டார் கலைகள் மையம் என்று பெயர் மாற்றப்பட்டது. 1998 இல் இப்போதைய பெயர் சூட்டப்பட்டது.

பின்னணி

1950களிலும் 1960களிலும் அமெரிக்க நகரங்களில் நாட்டார் நடனம் ஒரு பொழுதுபோக்காகப் பரவியிருந்தது. கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும் மாலை வேளைகளில் கூடிப் பல்கேரிய, செர்பிய, கிரேக்க வட்ட நடனங்களைப் பழகினர். ஆனால் அவர்கள் பழகிய நடனங்கள் பெரும்பாலும் பல கைகள் மாறி வந்தவை. அவற்றை ஆடும் கிராமங்களையோ, அவை எந்த வேளையில், யாரால், எதற்காக ஆடப்படுகின்றன என்பதையோ அறிந்தவர் சிலரே.

அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவுச் சட்டமும் மாறியது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை பேர் மட்டுமே வரலாம் என்று 1920களில் வகுக்கப்பட்ட ஒதுக்கீட்டு முறை, வட மேற்கு ஐரோப்பியருக்குச் சாதகமாக இருந்தது. 1965 ஆம் ஆண்டின் சட்டம் அம்முறையை நீக்கியது. அதன் பின்னர் ஆசியா, இலத்தீன் அமெரிக்கா, கரிபியன் தீவுகள், பின்னாளில் ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து பெருமளவில் மக்கள் வந்தனர். நியூயார்க்கின் குயின்ஸ், புரூக்ளின், பிராங்க்ஸ் முதலிய பகுதிகளில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் மொழியும் இசையும் மாறுபடும் நிலை தோன்றியது. மையத்தின் பணி விரிவடைந்தமைக்கு இதுவே பெருங்காரணம் எனலாம்.

வரலாறு

பால்கன் கலை மையம்

மார்ட்டின் கோனிக் 1960களின் பிற்பகுதியில் பல்கேரியா, யுகோசுலாவியா முதலிய நாடுகளின் கிராமங்களுக்குச் சென்று இசையையும் நடனத்தையும் ஒலிப்பதிவு செய்தார், படமும் பிடித்தார். எத்தல் ரெய்ம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இத்திஷ் மொழி பேசும் குடும்பத்தில் வளர்ந்தவர். இத்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழியாகும். 1960களில் புகழ்பெற்ற பென்னிவிசிலர்ஸ் என்னும் பெண்கள் பாடற்குழுவை அவர் வழிநடத்தினார். அக்குழு பல்கேரிய, உருசிய, இத்திஷ் நாட்டார் பாடல்களை அமெரிக்க மேடைகளில் பாடியது.

மையம் தொடக்க ஆண்டுகளில் நடனப் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. விளக்க ஏடுகளுடன் கூடிய இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. ஆனால் கோனிக்கும் ரெய்மும் விரைவில் வேறொரு செய்தியைக் கவனித்தனர். பால்கன் கிராமங்களில் தாம் தேடிச் சென்ற கலைஞர்களைப் போன்றவர்கள் அமெரிக்கத் தொழில் நகரங்களிலும் இருந்தனர். அவர்களைப் பற்றி அக்கம் பக்கத்தில் இருந்த அமெரிக்கர்களுக்கு எதுவும் தெரியாது. இவ்வகையில் குறிப்பிடத்தக்கது, ஜில் காட்மிலோ இயக்கத்தில் 1970களின் இறுதியில் வெளிவந்த "தெற்குச் சிகாகோவின் போப்போவிச் சகோதரர்கள்" என்னும் ஆவணப்படம். கோனிக்கும் ரெய்மும் இதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டனர். தம்புரிட்சா என்னும் நரம்புக் கருவியை இசைக்கும் செர்பியச் சகோதரர்களையும், எஃகு ஆலைகள் நிறைந்த அப்பகுதியில் அவர்களது இசையைச் சுற்றி வாழ்ந்த சமூகத்தையும் இப்படம் காட்டுகிறது.

விண்வெளிக்குச் சென்ற பாடல்

1968 இல் பல்கேரியாவின் ரொடோபி மலைப்பகுதியில் வால்யா பால்கன்ஸ்கா என்னும் இளம் பாடகியின் பாடலை மார்ட்டின் கோனிக் பதிவு செய்தார். காபா கைடா எனப்படும், ஆழ்ந்த ஒலியுடைய தோற்பைக் குழல்கள் இரண்டு அவருக்குப் பக்கவாத்தியமாக அமைந்தன. தெல்யோ என்னும் கிளர்ச்சிக்காரன் புறப்பட்டுச் செல்வதைக் கூறும் பாடல் அது. உதுமானியர் ஆட்சியை எதிர்த்து மலைகளில் மறைந்து போரிட்ட ஹைதுத்துகளில் தெல்யோவும் ஒருவன். சாதாரணத் தோட்டாவால் அவனைக் கொல்ல முடியாது என்பதால் அவனுக்கென வெள்ளியில் தோட்டா வார்த்தார்கள் என்பது அப்பகுதி மக்கள் வழங்கும் கதை.

கோனிக்கும் ரெய்மும் தொகுத்த பல்கேரியக் கிராமிய இசைத்தட்டு ஒன்றில் இப்பாடல் வெளிவந்தது. 1977 இல் நாசா நிறுவனம் வொயேஜர் 1, வொயேஜர் 2 ஆகிய விண்கலங்களை ஏவியபோது, புவியின் ஒலிகளையும் இசையையும் கொண்ட தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று ஒவ்வொரு கலத்திலும் வைக்கப்பட்டது. வானியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு அதற்குரிய இசையைத் தெரிவு செய்தது. சுமார் 90 நிமிடங்கள் ஒலிக்கும் 27 இசைப் பகுதிகளுள் பால்கன்ஸ்காவின் பாடலும் ஒன்று. இந்தியாவின் கேசர்பாய் கேர்க்கர் பைரவி இராகத்தில் பாடிய பாடலும் அதே தட்டில் உள்ளது. வொயேஜர் 1 விண்கலம் 2012 இலும், வொயேஜர் 2 விண்கலம் 2018 இலும் விண்மீனிடை வெளியை அடைந்தன.

டேவ் தாராஸும் கிளெஸ்மர் மீட்பும்

கிளெஸ்மர் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண இசை. மணமகளை அமர்த்தும் சடங்கு முதல் விருந்தினரை வழியனுப்புவது வரை திருமணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய இசை இதில் உண்டு. மணமக்களை நோக்கிச் சந்தத்தில் அறிவுரையும் நகைச்சுவையும் கலந்து பாடும் பத்கன் என்னும் வாய்மொழிக் கவிஞரும் இம்மரபின் ஓர் அங்கம்.

கிளாரினெட் கலைஞர் டேவ் தாராஸ், இப்போதைய உக்ரைனில் ஒரு கிளெஸ்மர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1921 இல் நியூயார்க் வந்தார். குடிவரவு நிலையமான எல்லிஸ் தீவில் நோய்க்கிருமி நீக்குவதற்காகப் புகையூட்டியபோது அவரது கிளாரினெட் பாழாயிற்று என்பர். இசையால் பிழைக்க முடியும் என்று எண்ணாமல், விலங்குமயிர்த் தோலாடை செய்யும் தொழிற்கூடத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே யூதத் திருமணங்களிலும், வானொலியிலும், இசைத்தட்டுகளிலும் மிகவும் நாடப்பட்ட கலைஞர் ஆனார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. கிழக்கு ஐரோப்பாவில் இவ்விசையைப் பேணிய சமூகங்கள் இன அழிப்பில் மாண்டன. அமெரிக்காவில் பிறந்த தலைமுறை ஆங்கிலப் பாடல்களையும், 1948 இல் இசுரேல் உருவான பின்னர் அங்கிருந்து வந்த புதிய எபிரேயப் பாடல்களையும் விரும்பியது. பழைய திருமண இசை முதியோரின் நினைவாகச் சுருங்கியது.

1970களில் ஆண்டி ஸ்டாட்மன், வால்ட்டர் செவ் ஃபெல்ட்மன் ஆகிய இரண்டு இளைஞர்கள் தாராஸைத் தேடிச் சென்று அவரிடம் பயின்றனர். பால்கன் கலை மையம் இம்முயற்சிக்குத் துணை நின்றது. 1978 இல் மன்ஹாட்டனில் மையம் ஏற்பாடு செய்த கச்சேரியில், எண்பது வயதைக் கடந்திருந்த தாராஸ் தம் பழைய கூட்டாளிகளுடன் வாசித்தார். கிளெஸ்மர் மீட்பு இயக்கத்தின் தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இக்கச்சேரி கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு தாராஸின் புதிய இசைத்தட்டை மையம் வெளியிட்டது.

1984 இல் தேசியக் கலைகள் நிதியம் தாராஸுக்குத் தேசிய மரபுரிமை விருதை வழங்கியது. அமெரிக்க நாட்டார் கலைஞர்களுக்கு நடுவண் அரசு அளிக்கும் மிக உயர்ந்த சிறப்பு இதுவாகும். தாராஸ் 1989 இல் காலமானார். தம் கிளாரினெட்டுகளை அவர் மாணவர் ஸ்டாட்மனுக்கு விட்டுச் சென்றார். ஸ்டாட்மன் 2012 இல் அதே விருதைப் பெற்றார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளெஸ்மர் குழுக்கள் பல இயங்குகின்றன. எழுத்தில் முழுமையாக அடங்காத நுணுக்கங்களை இளையோர் ஒரு முதிய கலைஞரின் வாசிப்பிலிருந்து நேரில் கற்க முடிந்தது இம்மீட்புக்குப் பேருதவியாக அமைந்தது.

ஐரியப் பெண் கலைஞர்கள்

நியூயார்க்கின் ஐரியக் குடும்பங்களில் பெண்கள் பலர் குழலும் வயலினும் அக்கார்டியனும் வாசித்தனர். எனினும் பொது மேடைகளிலும் தொழில்முறைக் குழுக்களிலும் ஆண்களே மிகுந்திருந்தனர். அயர்லாந்தின் இலிமரிக்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இசைக்கலைஞரும் நாட்டாரியல் ஆய்வாளருமான மிக் மலோனி (1944–2022), மையத்துடன் இணைந்து 1985 இல் ஐரிய அமெரிக்கப் பெண் கலைஞர்களுக்கென ஒரு கச்சேரித் தொடரை அமைத்தார். "செரிஷ் த லேடீஸ்" என்ற பழைய ஐரிய நடன மெட்டின் பெயரே தொடருக்கும் இடப்பட்டது.

இத்தொடருக்குக் கிடைத்த வரவேற்பின் விளைவாக, குழலிசைக் கலைஞர் ஜோனி மேடன் தலைமையில் அதே பெயருடன் ஒரு நிலையான குழு உருவானது. பாடலும் கருவியிசையும் ஐரிய அடவு நடனமும் கலந்த நிகழ்ச்சிகளை அக்குழு உலகின் பல நாடுகளில் நடத்தி வந்துள்ளது. மேடன் பிராங்க்ஸில் பிறந்தவர். மலோனி 1999 இலும், மேடன் 2021 இலும் தேசிய மரபுரிமை விருது பெற்றனர்.

செயல்முறை

1990களில் மையம் தன் அனுபவங்களை ஓர் ஒழுங்கான முறையாக வகுத்தது. இது சமூகப் பண்பாட்டு முன்முயற்சி எனப்படுகிறது. இதன் படிநிலைகளைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

* களப்பணி: ஒரு புலம்பெயர் சமூகத்தில் யார் யார் எந்தக் கலையில் வல்லவர், அவர்கள் எங்கே நிகழ்த்துகின்றனர், எது மறைந்து வருகிறது என்பவை ஆராயப்படுகின்றன. இப்பணியில் அச்சமூகத்தின் மொழியும் வழக்கமும் அறிந்தவர் ஈடுபடுத்தப்படுகிறார்.
* ஆலோசனை: சமூகத்தின் கலைஞர்களும் பெரியோரும் ஒன்றுகூடி, எவற்றுக்கு முதலிடம் தருவது என்று முடிவு செய்கின்றனர்.
* நிகழ்ச்சிகள்: கச்சேரிகள், விழாக்கள், நடனக் கூடல்கள் ஆகியவை கூடியவரை அம்மக்கள் வாழும் பகுதியிலேயே நடத்தப்படுகின்றன.
* கற்பித்தல்: மூத்த கலைஞரிடம் சிறாரும் இளையோரும் பயில்வதற்கான வகுப்புகள் அமைக்கப்படுகின்றன.
* பொறுப்பு மாற்றம்: சில ஆண்டுகளுக்குப் பின் அச்சமூகத்தவரின் சொந்த அமைப்பே பணியைத் தொடர்கிறது. மையம் துணைநிலைக்கு விலகிக் கொள்கிறது.

இவற்றுள் இறுதிப் படியே கடினமானது. நிதி திரட்டுதல், கணக்கு எழுதுதல், மண்டபம் அமர்த்துதல் ஆகியவற்றில் பழக்கமில்லாத கலைஞர்கள் ஓர் அமைப்பை நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. மெக்சிக்க மக்களின் கலைகளுக்கான "மனோ எ மனோ" அமைப்பு இவ்வாறு மையத்தின் துணையுடன் உருவானவற்றுள் ஒன்று.

புகாரா யூதர்களின் சஷ்மகாம்

சஷ்மகாம் என்பது "ஆறு மகாம்கள்" எனப் பொருள்படும் நடு ஆசியச் செவ்விசை. புகாரா, சமர்க்கந்து முதலிய நகரங்களில் வளர்ந்த இம்மரபில், பாரசீகத்திலும் துருக்கிய மொழியிலும் அமைந்த செய்யுள்கள் நீண்ட தொகுதிகளாகப் பாடப்படுகின்றன. தோய்ரா என்னும் சட்டப்பறையும், தன்பூர் என்னும் நரம்புக் கருவியும் இதில் இடம்பெறும். புகாராவின் முசுலிம் அமீர்களுடைய அவையில் இவ்விசையைப் பாடியோருள் யூதர்களும் இருந்தனர். சோவியத் ஆட்சிக் காலத்திலும் வானொலிக் குழுக்களில் யூதக் கலைஞர்கள் முதன்மை பெற்றிருந்தனர்.

1970களிலிருந்தும், குறிப்பாக 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரும், புகாரா யூதர்கள் பெருந்தொகையாகக் குயின்ஸ் பகுதியில் குடியேறினர். நியூயார்க்கில் 1980களில் உருவான சஷ்மகாம் என்னும் குழுவுக்கு மையம் மேடைகள் அமைத்துத் தந்தது. சமர்க்கந்தில் பிறந்த பாடகி பாத்திமா குயினோவா 1992 இல் தேசிய மரபுரிமை விருது பெற்றார். முசுலிம் அவைகளில் யூதர் பாடிய இசை, அவர்கள் புலம்பெயர்ந்த பின் நியூயார்க்கில் அவர்களது அடையாளமாக விளங்கியமை இங்கு நோக்கத்தக்கது. சஷ்மகாம் இசையை யுனெஸ்கோ 2008 இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைகளின் பட்டியலில் சேர்த்தது.

மண்டென் கதைசொல்லிகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி, காம்பியா, செனகல் ஆகிய நாடுகளில் பரவியுள்ள மண்டென் மக்களிடையே ஜாலி அல்லது ஜெலி எனப்படும் மரபுவழிக் கலைஞர் குடிகள் உள்ளன. பிரெஞ்சு வழக்கில் இவர்கள் கிரியோ எனப்படுவர். குலவரலாறுகளை நினைவில் வைத்திருத்தல், புரவலரின் முன்னோர் புகழைப் பாடுதல், பூசல்களில் நடுநின்று சமாதானம் பேசுதல், காப்பியக் கதைகளை நிகழ்த்துதல் ஆகியவை இவர்களுடைய கடமைகள். 13 ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் கதை இவர்கள் நிகழ்த்தும் காப்பியங்களில் தலையாயது. 21 நரம்புகள் கொண்ட கோரா, மரப்பலகைகளால் ஆன பலாஃபோன், இங்கோனி என்னும் சிறு நரம்புக் கருவி ஆகியவை இவர்களின் இசைக்கருவிகள். யாழ் மீட்டி மன்னர் புகழ் பாடிய சங்ககாலப் பாணர்களை அறிந்த தமிழ் வாசகர்க்கு இம்மரபு அந்நியமாகத் தோன்றாது.

20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்டென் மக்கள் பலர் நியூயார்க்கில் குடியேறியபோது ஜாலிகளும் உடன் வந்தனர். திருமணம், பெயர்சூட்டு விழா ஆகியவற்றில் அவர்களின் பாட்டுக்கும் புகழுரைக்கும் அங்கும் தேவை இருந்தது. மையம் இக்கலைஞர்களுடன் பணியாற்றியதன் பயனாக, 2002 இல் சிமித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியே "பதென்யா" என்னும் குறுந்தட்டு வெளிவந்தது. பதென்யா என்பதன் நேர்ப்பொருள் "ஒரு தாய் மக்களாயிருத்தல்". ஒத்துழைப்பு, ஒற்றுமை என்பவை அதன் கருத்துகள். தந்தைவழி உடன்பிறந்தாரிடையே உள்ள போட்டியைக் குறிக்கும் ஃபதென்யா என்பது இதற்கு எதிர்ச்சொல். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த ஜாலிகள் ஒரே நகரில் சேர்ந்து வாசிக்கும் நிலைக்கு இப்பெயர் பொருந்துவதாக உள்ளது.

பிற சமூகங்கள்

டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தோரின் மெரெங்கே நடன இசையும், ஆப்பிரிக்க வழிவந்த சடங்குப் பறையிசையும் 2004 இல் வெளிவந்த "கிஸ்கேயா என் எல் ஹட்சன்" என்னும் குறுந்தட்டில் இடம்பெற்றன. கிஸ்கேயா என்பது அம்மக்கள் தம் தீவுக்கு வழங்கும் பழம்பெயர். ஹட்சன் என்பது நியூயார்க்கின் ஆறு. அரபு, அல்பேனிய, உக்ரைனிய, பெருவிய, சீனக் கலைஞர்களுடனும் மையம் பணிபுரிந்துள்ளது.

மேடையேற்றும் முறை

ஒரு சமூகத்தின் கலையை வேறொரு அவையில் நிகழ்த்தும்போது பல சிக்கல்கள் எழுகின்றன. திருமண வீட்டில் பல மணி நேரம் நீளும் இசை, மேடையில் குறுகிய நேரத்துக்குள் அடங்க வேண்டும். விருந்தினர் எழுந்து ஆடுவதற்கான இசையை, இருக்கையில் அமர்ந்தோர் கைகட்டிக் கேட்கின்றனர். ஜாலி ஒருவர் புகழ்ந்து பாடுவதற்குரிய புரவலர் எதிரே இருப்பதில்லை.

இவற்றைக் குறைப்பதற்கு மையம் சில வழிகளைக் கையாண்டு வந்துள்ளது. கச்சேரியுடன் நடனக் கூடலையும் சேர்த்து நடத்துதல் அவற்றுள் ஒன்று. ஆடத் தெரிந்த சமூகத்தவர் முதலில் ஆட, மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சேர்ந்துகொள்கின்றனர். கலையின் பின்னணியை அறிந்த ஒருவர் நிகழ்ச்சிக்கு இடையிடையே விளக்கம் கூறுதல் மற்றொன்று. அரங்கில் வந்திருப்போருள் கலைஞரின் சொந்த மக்கள் போதிய அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் முக்கியமாகக் கருதப்படுகிறது. வாசிப்பது சரியா, தவறா என்று அறிந்தவர்கள் முன்னிலையில் கலைஞர் வேறுவிதமாக வாசிக்கிறார் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

தலைமை

மார்ட்டின் கோனிக்கும் எத்தல் ரெய்மும் பல ஆண்டுகள் இணைந்து மையத்தை நடத்தினர். பின்னர் ரெய்ம் கலை இயக்குநராகப் பணியாற்றினார். மரபுக் கலைகளைப் பேணுவதில் ஆற்றிய தொண்டுக்காக 2018 இல் அவருக்குத் தேசியக் கலைகள் நிதியத்தின் பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் விருது வழங்கப்பட்டது. 2006 இல் பீட் ருஷெஃப்ஸ்கி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். இவர் சந்தூர் போன்று சிறு கோல்களால் தட்டி வாசிக்கப்படும் சிம்பல் என்னும் கிளெஸ்மர் கருவியை வாசிப்பவர்.

திறனாய்வு

இத்தகைய மையங்களின் பணி குறித்து நாட்டாரியலாளரிடையே பல கேள்விகள் எழுப்பப்படுகின்றன.

முதலாவது, எது மரபு என்று முடிவு செய்பவர் யார் என்பது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் பழைய பாணியை நாடுகின்றனர். ஆனால் அதே சமூகத்தின் இளையோர் மின்னணு விசைப்பலகையுடனும் ஒலிபெருக்கியுடனும் கூடிய இசையைத் தம் திருமணங்களுக்கு விரும்பலாம். அதுவும் அம்மக்களின் இசையே. மூத்தோரின் விருப்பத்துக்கும் இளையோரின் விருப்பத்துக்கும் இடையே வெளியிலிருந்து வரும் ஓர் அமைப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. சமூகத்தவரைக் கொண்டே முடிவெடுக்கும் முறை இதனைக் குறைக்கிறதே அன்றி முற்றிலும் நீக்குவதில்லை.

இரண்டாவது, நிதி. மரபுக் கலைகளுக்கான பணிகள் பெரும்பாலும் அரசு மானியங்களையும் அறக்கட்டளைகளையும் சார்ந்துள்ளன. நிதி ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே கிடைக்கும். ஒரு மாணவர் தேர்ந்த கலைஞராக உருவாவதற்கு அதனினும் நீண்ட காலம் ஆகும்.

மூன்றாவது, எல்லை. ஒரு மையத்தால் ஆசிரியரைக் கண்டறிய முடியும். வகுப்பையும் மேடையையும் அமைக்க முடியும். ஆனால் அக்கலைக்கான தேவையை அதனால் உண்டாக்க இயலாது. தம் வீட்டு நிகழ்ச்சிக்குத் தம் இனக் கலைஞரை அழைக்கலாம் என்ற எண்ணம் மக்களிடமிருந்தே வரவேண்டும். மேடையில் கிடைக்கும் மதிப்பு இவ்வெண்ணத்தைத் தூண்டக்கூடும் என்பதற்கு டேவ் தாராஸின் கச்சேரியும் ஐரியப் பெண் கலைஞர்களின் தொடரும் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன.

1987 இல் இலண்டனில் கூடிய சில இசைத்தட்டு நிறுவனத்தார், தம் வெளியீடுகளைக் கடைகளில் ஒரே பிரிவில் அடுக்கி விற்பதற்கு "உலக இசை" என்ற பெயரை ஏற்றுக்கொண்டனர். அச்சொல் அதன் பின்னர் பரவலாகியது. தொலைவிலிருந்து வரும் இசை என்னும் பொருளே அதில் மேலோங்கி நிற்கிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய இம்மையத்தின் வரலாறு, தொலைவு எனக் கருதப்பட்ட இசை ஒரே நகரின் தெருக்களில் இருந்ததைக் காட்டுகிறது.

முக்கிய ஆண்டுகள்

* 1968 – பால்கன் கலை மையம் தொடக்கம். வால்யா பால்கன்ஸ்காவின் பாடல் பதிவு
* 1977 – வொயேஜர் விண்கலங்களில் அப்பாடல் இடம்பெறுதல்
* 1978 – டேவ் தாராஸ் கச்சேரி
* 1981 – இனக்குழு நாட்டார் கலைகள் மையம் எனப் பெயர் மாற்றம்
* 1985 – ஐரியப் பெண் கலைஞர்களின் கச்சேரித் தொடர்
* 1998 – மரபிசை மற்றும் நடன மையம் எனப் பெயர் மாற்றம்
* 2002 – "பதென்யா" குறுந்தட்டு
* 2004 – "கிஸ்கேயா என் எல் ஹட்சன்" குறுந்தட்டு
* 2018 – எத்தல் ரெய்முக்கு பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் விருது

இவற்றையும் பார்க்க

* நாட்டாரியல்
* கிளெஸ்மர்
* சஷ்மகாம்
* கோரா (இசைக்கருவி)
* வொயேஜர் தங்கத் தட்டு
* பாணர்